மூன்றேகால் சென்ட் ஆடுகளம்

புது வீட்டில் எல்லா வேலையும் முடிந்த பிறகுதான் என் போன் அடிக்கும். கொத்தனார் கணக்கு முடித்துப் போயிருப்பார். காம்பவுண்டுச் சுவர் எழும்பி, கேட் மாட்டி, வாசலுக்குப் பேவர் பிளாக் பதித்து, புகுவிழாப் பத்திரிகையும் அச்சாகியிருக்கும். அந்தச் சமயத்தில் வீட்டுக்காரர் பின்பக்கம் போய் நின்று பார்ப்பார். சும்மா கிடக்கிற இடம். "பசங்களுக்கு ஒரு ஷட்டில் கோர்ட் போட்டுடலாமுங்களா? ஒரு வாரத்துல முடிஞ்சுருமில்லீங்க?"

முடியாது. ஏன் முடியாது என்று சொல்லிப் புரியவைப்பதே இந்தத் தொழிலில் பாதி வேலை.

கோவையைச் சுற்றி, வீடுகளின் பின்கட்டில் விளையாட்டுத் தளம் போடுகிறேன். ஷட்டில், அரை கூடைப்பந்து, கொஞ்ச காலமாக பிக்கிள்பால். இதற்கு முன்னால் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில் கொப்பரைக் களம் போட்டுக்கொண்டிருந்தேன். மாமா அந்த வேலையை எடுத்துச் செய்தார். டிப்ளமோ முடித்த கையோடு அவரிடம் சேர்ந்தேன். களத்தில் ஓரிடத்தில் தண்ணீர் தேங்கினாலும் அங்கே காய்கிற தேங்காய் பூசணம் பிடிக்கும். எண்ணெய் மில்லில் விலையைக் குறைப்பார்கள். அதனால் மாமாவுக்கு வாட்டம் சரியாக இருக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். "ஊத்திப் பாரு மாப்ள, தண்ணி எங்க நிக்குதுன்னு அதுவே சொல்லும்" என்பார். ஆடுதளத்துக்கு வந்த பிறகும் எனக்கு அந்தப் பாடம்தான் சோறு போடுகிறது.

அளவிலிருந்து தொடங்குகிறேன், முதல் ஏமாற்றம் அங்கேதான். ஷட்டில் கோர்ட் 44 அடி நீளம், 20 அடி அகலம். வீட்டுக்காரர் இணையத்தில் பார்த்து வைத்திருப்பார், அந்த இடம் அவரிடம் இருக்கவும் செய்யும். ஆனால் கோட்டுக்கு வெளியே விழப்போகிற இறகுப்பந்தை எட்டி அடிக்கிறவனுக்குக் கால் வைக்க இடம் வேண்டும். பின்னால் ஐந்தைந்து அடி, பக்கத்தில் மும்மூன்று அடி விட்டால் 54க்கு 26. ஏறக்குறைய மூன்றேகால் சென்ட். அதற்குக் குறைந்தால் பையன் சுவரில் மோதுவான். நான் டேப்பைப் பிடித்து நான்கு மூலையிலும் சுண்ணாம்புப் பொடி தூவிக் காட்டுவேன். அப்போதுதான் துணி காயப்போடுகிற கம்பியும் துவைக்கிற கல்லும் கோர்ட்டுக்குள் நிற்பது தெரியவரும்.

கூடைப்பந்து கேட்கிறவர்கள் இங்கே அதிகம். பி.எஸ்.ஜி. கோப்பைப் போட்டிகளைப் பள்ளிக்கூட வயதில் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் ஊரெங்கும் இருக்கிறார்கள். முழு மைதானம் 28 மீட்டருக்கு 15 மீட்டர், அதை யாரும் வீட்டில் கேட்பதில்லை. பாதி போட்டாலே ஐந்து சென்ட்டைத் தாண்டும். நான் 30 அடிக்கு 30 அடி போடச் சொல்கிறேன். வளையத்திலிருந்து மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டர். நேர் எதிரே நின்று அடிக்க 30 அடி போதும், மூலையிலிருந்து அடிக்கிற மூன்று புள்ளி மட்டும் இந்த அகலத்தில் கிடைக்காது. வளையத்தின் உயரத்தில் பேரம் வைத்துக்கொள்ளக் கூடாது. 10 அடி என்றால் 10 அடி. சின்னப் பையனுக்காகத் தாழ்த்தி நிரந்தரமாகப் பூட்டிவிட்டால், இரண்டு வருடத்தில் அவன் உயர்ந்துவிடுவான், வளையம் உயராது. ஏற்றி இறக்குகிற மாதிரி மாட்டிக்கொள்ளலாம்.

காற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நானாகச் சொல்வேன். இறகுப்பந்தின் எடை ஐந்து கிராம் சுற்றுவட்டம். பாலக்காட்டுக் கணவாய் வழியே வைகாசி கடைசியில் தொடங்குகிற காற்று ஆவணி வரைக்கும் விடாது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். காற்றாலை சுற்றுகிற ஊரில் திறந்தவெளியில் ஷட்டில் ஆடினால், மேற்கே நிற்கிறவன் தொட்டாலே பந்து எல்லைக்கு வெளியே போகும். ஆகவே முதலில் காற்று வரும் திசையைப் பார்ப்பேன். வீடே மேற்கே மறைத்து நின்றால் நல்லது. இல்லையென்றால் சுவருக்கு மேலே வலை கட்டிக் கொடி படரவிட வேண்டும், அல்லது ஆடி மாதம் அதிகாலையில் மட்டும் ஆடுவது என்று மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும்.

பிக்கிள்பால் பந்து 22 முதல் 26 கிராம் வரை இருக்கும், காற்றுக்குக் கொஞ்சம் தாங்கும். அதன் கோர்ட்டும் அதே 44க்கு 20. இது தற்செயல் இல்லை. 1965இல் அமெரிக்காவில் சியாட்டிலுக்கு எதிரே இருக்கிற பெயின்பிரிட்ஜ் தீவில், ஒரு வீட்டுப் பின்புறத்துப் பழைய ஷட்டில் கோர்ட்டில்தான் அந்த ஆட்டம் பிறந்தது. மட்டையும் பந்தும் மாறின, வெளிக்கோட்டின் அளவு அப்படியே இருந்துவிட்டது. எனக்கு அது சௌகரியம். ஒரே தளத்தில் இரண்டு ஆட்டத்துக்கும் இரண்டு நிறத்தில் கோடு போட்டுவிடுவேன். வலை மட்டும் ஷட்டிலுக்கு நடுவில் 5 அடி, பிக்கிள்பாலுக்கு 34 அங்குலம்.

இனி மண். சூலூர்ப் பக்கம் ஒரு வீடு. நூல் வியாபாரம் செய்கிறவர், ஒரு மகன், ஒரு மகள். பின்பக்கம் பளிச்சென்று சமமாக இருந்தது, செம்மண் பரப்பிப் புல் வைக்கத் தயாராக. கடப்பாரையால் குத்திப் பார்த்தேன். ஓரிடத்தில் முழங்கை அளவு உள்ளே போனது, ஒரு அடி தள்ளிக் குத்தினால் டங்கென்று நின்றது. சோதனைக் குழி நான்கு எடுத்தோம். மேலே அரை அடி செம்மண். அதற்குக் கீழே உடைந்த டைல்ஸ், புட்டி வாளி, சிமென்ட் சாக்கு, சாரம் கட்டிய கயிறு, ரப்பீசாகக் கொட்டிய பூச்சுக் கலவை. அதற்கும் கீழே கன்னங்கரேலென்று கரிசல்.

புது வீட்டின் பின்புறம் என்பது கட்டுமானம் நடந்த காலமெல்லாம் குப்பைமேடாக இருந்த இடம். கடைசி வாரத்தில் ஜேசிபி வந்து எல்லாவற்றையும் உள்ளே தள்ளி மூடிவிட்டுப் போகும். பார்வைக்கு மட்டமாக இருக்கும். ஆனால் சாக்கு மக்கும், வாளி நசுங்கும், இடையிலிருக்கும் வெற்றிடம் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். வீட்டுச் சுவரை ஒட்டிக் கடக்காலுக்குத் தோண்டி மூடிய பள்ளமும் அப்படித்தான். ஒன்றிரண்டு மழைக்காலம் கடந்தால்தான் அந்த மண் அமரும்.

கரிசலின் கதை வேறு. ஐப்பசி மழையில் தண்ணீர் குடித்து உப்பும், சித்திரை வெயிலில் வெடித்துச் சுருங்கும். மேலே எவ்வளவு கனமான காங்கிரீட் போட்டாலும் தூக்கிவிடும். அதை எடுக்காமல் வேலை இல்லை. வீட்டுக்காரரின் அம்மா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங் கண்ணு, பசங்க துள்ளி ஆடறதுக்கு இத்தன ஆழம் தோண்டோணுமா? கெணறு வெட்டற மாதிரியல்ல இருக்குது?"

"ஆத்தா, மேல போடறதெல்லாம் லேசுங்க. கீழ சரியா இருந்தாப் போதுமுங்க."

"அப்பறம் ஏன் எம் மவன் கலரு எதுன்னே பேசிட்டிருக்கறான்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லா வீட்டிலும் அப்படித்தான். நீலமா பச்சையா என்று ஒரு வாரம் பேசுவார்கள், அடியில் என்ன போடப்போகிறேன் என்று ஒரு நிமிடம்கூடக் கேட்கமாட்டார்கள்.

ஆழமாகத் தோண்ட இயந்திரம் உள்ளே வர வேண்டுமே. பக்கவாட்டில் நாலடிச் சந்து. முன்னால் புதிதாகப் பதித்த பேவர் பிளாக். இந்த இரண்டும்தான் தாமதமாகக் கூப்பிடுவதற்கு வீட்டுக்காரர் கட்டுகிற அபராதம். பின்பக்கத்துக் காலி மனைக்காரரிடம் அனுமதி வாங்கி, காம்பவுண்டில் ஒரு பாகத்தை இடித்து, மினி பொக்லைனை இறக்கினோம். மூன்றடி மண்ணை அள்ளி வெளியே கொட்டி, கிராவலைப் பாதியடி பாதியடியாகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் விட்டு பேபி ரோலர் ஓட்டினோம். மொத்தமாகக் கொட்டி ஒரே தடவை உருட்டினால் மேல் அரையடிதான் இறுகும், அடியில் எல்லாம் தொளதொள. அதற்கு மேல் ஜல்லியும் கிரஷர் தூளும். சுவரை மறுபடி கட்டிய செலவு வலைக்கும் கம்பத்துக்கும் ஆன செலவைவிட அதிகம்.

தோண்டுவதற்கு முன்னால் மண்ணுக்குள் ஓடுகிறதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும். செப்டிக் டேங்க், அதிலிருந்து உறிஞ்சு குழிக்குப் போகிற பைப், சம்ப், போர், மோட்டார் ஒயர், மழைநீர்க் குழாய். பிளானில் ஒன்று இருக்கும், மண்ணுக்குள் வேறு இருக்கும். பிளம்பரைத் தேடிப்பிடித்தால், "அங்கதானுங்க எங்கியோ" என்பார். கட்டும்போதே வீட்டுக்காரர் செல்போனில் ஒவ்வொரு குழாயையும் மூடுமுன் படம் பிடித்து வைத்திருந்தால், கோர்ட் போடாவிட்டாலும் பின்னால் எத்தனையோ சங்கடம் தப்பும். செப்டிக் டேங்க் மூடி கோர்ட்டுக்குள் வரவே கூடாது. போருக்கும் பக்கத்தில் வண்டி வந்து நிற்க வழி விட வேண்டும். மோட்டார் கெட்டால் குழாயை மேலே உருவுவதற்கு உயரமும் வேண்டும், மேலே வலை கட்டி மூடிவிட்டால் எப்படி உருவுவது?

அடுத்தது வாட்டம். திறந்தவெளித் தளம் பார்வைக்கு மட்டமாகத் தெரிய வேண்டும், ஆனால் மட்டமாக இருக்கக் கூடாது. 100 அடிக்கு ஒரு அடி வீதம், அதாவது 26 அடி அகலத்துக்கு மூன்று அங்குலம் ஒரு பக்கம் தாழ வேண்டும். நடுவில் உயர்த்தி இரண்டு பக்கமும் சரிப்பது ரோட்டுக்குச் சரி, கோர்ட்டுக்கு ஆகாது. ஒரே தகடாக ஒரு பக்கம் சாய வேண்டும். அதுவும் நீளவாக்கில் வேண்டாம், ஒருவன் மேட்டைப் பார்த்தும் மற்றவன் பள்ளத்தைப் பார்த்தும் ஆட நேரும். காலை மாலை வெயில் கண்ணில் அடிக்காமல் இருக்கக் கோர்ட்டின் நீளம் தெற்கு வடக்காக இருப்பது நல்லது. அப்படியானால் சாய்வு மேற்கிலிருந்து கிழக்கே.

இங்கே வாஸ்து பார்ப்பவர் வருவார். கன்னி மூலை உயரணும், ஈசானிய மூலை தாழணும் என்பார். நான் சண்டை போடுவதில்லை. கிழக்கே சாய்த்து, கொஞ்சம் வடக்கேயும் இழுத்துவிட்டால் தண்ணீர் ஈசானியத்துக்கே போய்ச் சேரும். அவருக்கும் திருப்தி, தளத்துக்கும் கெடுதல் இல்லை. அந்த மூலையிலேயே மழைநீர்க் குழி எடுக்கச் சொல்வேன். தமிழ்நாட்டில் 2003இலிருந்து கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம், ஆனால் கூரையில் விழுவதை மட்டும்தான் கணக்கில் எடுப்பார்கள். இந்த மூன்றேகால் சென்ட் தளத்தில் ஒரு அங்குலம் மழை பெய்தால் மூவாயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் ஓடும். வழி சொல்லாமல் விட்டால் அது பக்கத்து வீட்டுச் சுவருக்கடியில் போகும், பிறகு பேச்சுவார்த்தை வேறு மாதிரி நடக்கும்.

காங்கிரீட் ஐந்து அங்குலக் கனம், அடியில் கனமான பாலிதீன் ஷீட், வீட்டுச் சுவரோடு ஒட்டாமல் இடைவெளி. வலைக் கம்பத்துக்கான குழாய்களைக் காங்கிரீட்டுக்கு முன்பே தனி அடித்தளத்தில் ஊன்றிவிட வேண்டும். ரெடிமிக்ஸ் வண்டி தெருவில் நிற்கும், பம்பில் பைப் போட்டு வீட்டைச் சுற்றிக் கொண்டுவருவோம். இந்த நாளில் மேஸ்திரிக்கும் எனக்கும் ஒரு வாக்குவாதம் கட்டாயம் நடக்கும். கண்ணாடி மாதிரி மழுமழுவென்று கரணை ஓட்டுவதுதான் அவருக்குப் பெருமை. எனக்கு வேண்டியது சொரசொரப்பு. மட்டப்பலகை இழுத்து முடித்ததும் நீளமான பிரஷ்ஷை ஒரே திசையில் இழுத்துவிட வேண்டும், அந்தச் சன்னமான கோடுகளில்தான் பெயின்ட் பிடிக்கும். "இத்தன வருசத்துல இப்படிக் கீறிவிட்டுட்டுப் போனதில்லீங்க, என் பேரு கெட்டுரும்" என்று ஒரு மேஸ்திரி பிரஷ்ஷைத் தொடவே மறுத்தார். கடைசியில் நானே இழுத்தேன், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு டீ குடித்தார்.

காங்கிரீட் காயும்போது சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும். அதைத் தடுக்க முடியாது, எங்கே வெடிக்க வேண்டும் என்று நாம் தீர்மானிக்கலாம். மறுநாள் விடிவதற்குள் கட்டர் போட்டுப் பத்தடிக்கு ஒன்றாக, கனத்தில் கால் பங்கு ஆழத்துக்குக் கீறிவிடுவோம். ஒரு கீறல் வலைக்கு நேர் கீழே வரும்படி பார்த்துக்கொள்வேன், அங்கே யாரும் கால் வைப்பதில்லை. பிறகு பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். நம் வெயிலுக்கு ஏழு நாள் போதாது, பத்து நாளாவது நிற்க வேண்டும். அதற்குப் பிறகும் 28 நாள் கணக்கு இருக்கிறது. வீட்டுக்காரர்கள் தவிக்கிற காலம் இது. காங்கிரீட் கெட்டியாகிவிட்டதே, பெயின்ட் அடித்தால் என்ன என்பார்கள். மூன்றடிச் சதுரத்தில் பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஓர் இரவு விட்டுக் காலையில் தூக்கிக் காட்டுவேன். அடியில் முத்து முத்தாக வியர்த்திருக்கும். இதன் மேல் பூசினால் அந்த ஈரம் மேலே வரும்போது பெயின்டைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். நேரில் பார்த்தால் யாரும் அதற்கு மேல் அவசரப்படுத்துவதில்லை.

பூசுவதற்கு முன் தளம் முழுக்கத் தண்ணீர் விட்டு, ஒரு மணி நேரம் கழித்து ஒரு ரூபாய் நாணயத்தோடு சுற்றுவேன். தேங்கிய இடத்தில் நாணயம் மூழ்கினால் அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டு, அக்ரிலிக் கலவையால் நிரப்ப வேண்டும். அப்புறம் மணல் கலந்த அக்ரிலிக்கை ரப்பர் பட்டையால் இழுத்து அடுக்கடுக்காகப் பூசுவது. விடிந்ததும் ஆரம்பித்துப் பத்து மணிக்குள் நிறுத்திவிடுவோம், அதற்கு மேல் தளம் சுட்டுப் போய்ப் பெயின்ட் இழுக்கும்போதே காய்ந்து திட்டுத் திட்டாகும். ஷட்டில் கோடு 40 மில்லிமீட்டர், அதற்கு மாஸ்கிங் டேப் ஒட்ட மட்டும் அரை நாள்.

காத்திருக்கப் பொறுமையில்லாதவர்களுக்குப் பிளாஸ்டிக் டைல் இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்போர்ட் கோர்ட் என்ற நிறுவனம் 1974இலிருந்து வீட்டுப் பின்புறங்களுக்கென்றே போட்டுப் பிரபலமாக்கியது. ஓரடிச் சதுரம், ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்ளும், கம் எதுவும் வேண்டாம். ஓட்டைகள் வழியே தண்ணீர் இறங்கும். அடிக்காங்கிரீட் அதற்கும் வேண்டும், வாட்டமும் வேண்டும், ஆனால் ஈரத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. நாளைக்குக் குழாய் கசிந்தால் பெயர்த்து எடுத்துவிட்டு மறுபடி மாட்டலாம். விலை கூடுதல், பந்து தட்டும்போது சத்தமும் கூடுதல். வெயிலுக்கு விரியும், சுவர் வரைக்கும் நெருக்கிப் போட்டால் மத்தியானத்தில் நடுவில் மேடு தட்டிவிடும், நாலு பக்கமும் இடைவெளி விட வேண்டும்.

தளம் முடிந்த பிறகு அதற்கு வருகிற ஆபத்துகள் விளையாட்டால் வருவதில்லை. பளிச்சென்று விரிந்து கிடக்கிற சுத்தமான இடத்தைப் பார்த்தால் மிளகாய் காயப்போடத் தோன்றும், போடட்டும், பாயை விரித்துப் போட்டால் கறை பிடிக்காது. நாவல் மரத்துக்கு அடியில் கோர்ட் வேண்டாம், அந்தக் கறை போகாது. வேப்ப மரத்தை ஒட்டியும் வேண்டாம், வேர் தூக்கும். எல்லாவற்றிலும் மோசம் பந்தல்தான். வீட்டில் வளைகாப்பு என்று சாமியானா போடக் கோர்ட்டின் மேலேயே இரும்பு முளை அடித்த ஒரு வீட்டுக்கு ஒட்டுப்போடப் போயிருக்கிறேன். இப்போதெல்லாம் தளத்துக்கு வெளியே நாலு மூலையிலும் பந்தல் கம்புக்கென்றே குழாய் பதித்துக் கொடுத்துவிடுகிறேன். ஆடுகிறதோடு அழைப்பு வைக்கிற வீடுகள் நம்முடையவை, அதற்கு ஏற்பாடு செய்யாமல் கோபப்பட்டு என்ன பயன்?

ஒருவர் மட்டும் கடக்கால் தோண்டுவதற்கு முன்பே பிளான் காகிதத்தோடு வந்தார், வடவள்ளிப் பக்கம். செப்டிக் டேங்கைப் பக்கவாட்டுக்கு மாற்றினோம். கடக்காலுக்கு வந்த பொக்லைனே பின்பக்கத்தையும் தோண்டிக் கொடுத்தது. கிராவல் நிரப்பி உருட்டியதோடு விட்டுவிட்டோம். வீடு எழும்புகிற காலமெல்லாம், ஒரு வடகிழக்குப் பருவமழை உள்பட, அந்த மண் தானாக அமர்ந்தது. ரப்பீஸ் கொட்ட வேறு மூலையைக் காட்டினார், விளக்குக் கம்பத்துக்கு ஒயர் போகிற பைப்பை அப்போதே புதைத்தார். சுவர் இடிக்கவில்லை, பேவர் பிளாக் பெயர்க்கவில்லை. ஒரே அளவுத் தளத்துக்கு சூலூர் வீட்டில் ஆன செலவில் நல்ல பங்கு மிச்சமானது.

அந்த வடவள்ளி வீட்டில்தான் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது, ஷட்டில் பயிற்சிக்குப் போகிறவன். எல்லா அளவும் அவனைக் கேட்டே எடுத்தோம். கிளம்பும்போது வீட்டுக்காரரிடம், "தம்பி காலேஜுக்கு ஹாஸ்டல் போயிட்டா இந்தக் கோர்ட்ட யாரு சார் ஆடறது?" என்று கேட்டேன். அவர் யோசித்தார். உள்ளேயிருந்து வீட்டம்மா வந்தார்.

"ஏனுங்க, நான் ஆடமாட்டனா? ஸ்கூல்ல அஞ்சு பேர்ல ஒருத்தியா பூப்பந்து ஆடுனவ நானு."

பூப்பந்து தஞ்சாவூரில் பிறந்த ஆட்டம், மஞ்சள் கம்பளிப் பந்து, ஒரு பக்கம் ஐந்து பேர். கோர்ட் 24 மீட்டருக்கு 12 மீட்டர், ஏழு சென்ட்டுக்குக் குறையாது. அவர் வீட்டில் அதற்கு இடமில்லை, அது அவருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பந்தை அடிக்கக் காற்று ஒரு பொருட்டில்லை, வலை ஆறடி உயரத்துக்கு ஏறினால் போதும், இரண்டு பேர் இரண்டு பேராக அடிக்கலாம் என்றார். கம்பத்தில் மூன்றாவதாக ஒரு கொக்கி வைக்கச் சொன்னார், வைத்தேன். மகன் இன்னும் ஹாஸ்டலுக்குப் போகவில்லை, சாயங்காலம் வலை பெரும்பாலும் மேல் கொக்கியில்தான் இருக்கிறதாம், தனக்கு முறை வருவதில்லை என்று அவன் என்னிடமே புகார் சொன்னான்.

இப்போது அளவெடுக்கப் போனால் பையனிடமும் அப்பாவிடமும் மட்டும் பேசிவிட்டு வருவதில்லை. சமையற்கட்டில் இருக்கிறவர்களையும் வெளியே வரச்சொல்லி, நீங்கள் என்ன ஆடினீர்கள் என்று முதலில் கேட்கிறேன். பாதி வீடுகளில் பிளான் அங்கேயே மாறிவிடுகிறது.